மூடிய கதவும் மூடப்பட்ட கதவும்: ஆங்கில எச்ச வடிவமும் மறையும் வினைமுதலும்

வட்டுக்கோட்டைச் செமினறியைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப் புகும் எவரும் ஓரிடத்தில் ‘த செமினறி வோஸ் குளோஸ்ட்’ என்று எழுத வேண்டியவராவர். இவ்வாக்கியத்தைத் தமிழாக்குமாறு மாணவரிடம் கொடுத்தால், ‘செமினறி மூடப்பட்டது’ என ஒருசாரார் எழுதுவர். ‘செமினறி மூடியிருந்தது’ என இன்னொரு சாரார் எழுதுவர். இரு சாராரும் பிழை விட்டவரல்லர். முதற் சாரார் ஒரு செயலைக் கண்டனர். மற்றையோர் ஒரு நிலையைக் கண்டனர். ஆங்கில வாக்கியம் இரண்டுக்கும் இடங்கொடுக்கின்றது. ஆனால் வரலாற்று மாணவனுக்கு இரண்டும் ஒன்றாகா. மூடப்பட்டது என்றால் மூடியவர் யார் என்ற வினா உடனே எழும். மூடியிருந்தது என்றால் அவ்வினா எழாமலே போகலாம்.

ஆங்கில இலக்கணம் ‘பாஸ்ற் பாட்டிசிப்பிள்’ எனப் பெயரிட்டிருக்கும் வடிவமே இத்தடுமாற்றத்துக்கு மூலம். இக்கட்டுரையில் அதனை எச்ச வடிவம் என்றே குறிப்பிடுவோம். இவ்வடிவம் ‘ஹாவ்’ என்னும் துணைவினையோடு சேர்ந்து நிறைவுநிலையை உணர்த்தும். ‘பீ’ என்னும் துணைவினையோடு சேர்ந்து செயப்பாட்டுவினையாகும். துணைவினை தொழிற்படாவிடத்து வெறும் பெயரடையாக நின்று பண்பையோ நிலையையோ சுட்டும். வடிவம் ஒன்று, தொழில் மூன்று. நமது பாடசாலை இலக்கண நூல்கள் இம்மூன்றையும் மூன்று வெவ்வேறு பாடங்களிற் கற்பிக்கின்றன. அவை ஒன்றோடொன்று மயங்கும் இடத்தைப் பற்றிப் பேசுவதில்லை. மாணவன் இடறுவதோ அவ்விடத்திலேயே.

வட்டுக்கோட்டை என்றதும் இன்று பலருக்கு 1976 மே 14ஆம் நாளின் தீர்மானமே நினைவுக்கு வரும். அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னர், 1823இல், அமெரிக்க மிஷனார் டானியல் பூவர் தலைமையில் அங்கு செமினறியைத் தொடங்கினர். ஐரோப்பிய விஞ்ஞானமும் கணிதமும் தருக்கமும் ஆங்கிலத்திற் கற்பிக்கப்பட்டன. தமிழ் இலக்கண இலக்கியமும் உடன் கற்பிக்கப்பட்டது. 1855இல் அமெரிக்க மிஷன் சபையின் தூதுக்குழு றூபஸ் அன்டர்சன் தலைமையில் யாழ்ப்பாணம் வந்தது. ஆங்கிலக் கல்வி மதபோதகரை உருவாக்குவதிலும் பார்க்க அரசாங்க உத்தியோகத்தரையே உருவாக்குகின்றது, சுதேச மொழிக் கல்வியே மிஷனின் நோக்கத்துக்கு உகந்தது என்ற கொள்கை மேலோங்க, செமினறி அவ்வாண்டிலேயே மூடப்பட்டது. குடியேற்ற நிர்வாகத்துக்கு எழுதுவினைஞர் தேவைப்பட்டனர். உத்தியோகத்துக்கு ஆங்கிலம் வழியாயிற்று. யாழ்ப்பாணத்து மேல்நிலைச் சமூகம் அவ்வழியை விரும்பியது. மிஷனின் நோக்கமும் கற்றோரின் நோக்கமும் பிரிந்த இடத்திற் கதவு சாத்தப்பட்டது. 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி அதே இடத்தில் எழுந்தமை உள்ளூர்த் தேவை எவ்வளவு வலுவானதாயிருந்தது என்பதற்குச் சான்று.

இப்போது வாக்கியத்துக்குத் திரும்புவோம். ‘த செமினறி வோஸ் குளோஸ்ட் இன் 1855’ என்பது செயப்பாட்டுவினை. இதன் பின்னே ‘பை த மிஷன்’ என்று சேர்க்கலாம். ‘த மிஷன் குளோஸ்ட் த செமினறி’ எனச் செய்வினையாகவும் மாற்றலாம். இனி, 1860இல் ஒருவர் வட்டுக்கோட்டைக்குப் போனதாகக் கற்பனை செய்துகொண்டு, அப்போது ‘த செமினறி வோஸ் குளோஸ்ட்’ என்று எழுதுவோமாயின் அதே சொற்கள் நிலையையே சுட்டும். அங்கே ‘வோஸ்’ என்பதை எடுத்துவிட்டு ‘றிமெயின்ட்’ என்பதை வைத்தாலும் வாக்கியம் நிற்கும். மூடியே கிடந்தது என்று பொருள்படும். முதல் வாக்கியத்தில் அவ்வாறு மாற்றினால் 1855இல் நடந்த செயல் மறைந்துபோகும். மூன்றாவதாக, ‘த மிஷன் ஹாட் குளோஸ்ட் த செமினறி’ என்பது நிறைவுநிலை. வினைமுதலும் செயப்படுபொருளும் தத்தம் இடத்திலேயே நிற்கின்றன.

இவ்வேறுபாட்டை அறிய வேறு சில வழிகளும் உண்டு. செயப்பாட்டுவினையாயின் ‘வோஸ் பீயிங் குளோஸ்ட்’, அதாவது மூடப்பட்டுக்கொண்டிருந்தது, என விரிக்கலாம். நிலையை அப்படி விரிக்க முடியாது. ‘வெரி’ என்னும் அடை பெயரடைக்கு முன்னே இயல்பாக வரும். களைத்தவனை ‘வெரி ரயர்ட்’ என்பர். பெயரடையாகிவிட்ட சொற்கள் ‘பை’ என்பதை விடுத்துத் தமக்கென வேறு முன்னிடைச் சொற்களைத் தேடிக்கொள்ளும்: ‘இன்ரறெஸ்ரட்’ என்றால் ‘இன்’, ‘மரீட்’ என்றால் ‘ரு’. ‘அன்’ என்னும் முன்னொட்டு இன்னும் தெளிவான அடையாளம். பிரிக்காத கடிதத்தை ‘அன்ஓப்பின்ட் லெற்றர்’ என்பர். ஆனால் ‘அன்ஓப்பின்’ என்றொரு வினை ஆங்கிலத்தில் இல்லை. ஆகவே அச்சொல் செயப்பாட்டுவினையாக இருக்கவே முடியாது. ‘அன்எம்ப்ளோய்ட்’ என்பதும் இவ்வகையினதே. எவனும் எவனையும் ‘அன்எம்ப்ளோய்’ செய்வதில்லை. உருவத்தில் செயப்பாட்டுச் சாயல் இருந்தும் செய்தவனுக்கு இடமில்லாத சொல் அது. முதலாளித்துவ சமூகம் வேலையில்லாமைக்கு இத்தகைய சொல்லொன்றைப் பெற்றிருப்பது பொருத்தமானதே. இவை யாவற்றிலும் உறுதியான சோதனை, செய்தவனின் மனத்தைக் காட்டும் அடையைச் சேர்த்துப் பார்ப்பது. ‘டெலிபறெற்லி’, அதாவது வேண்டுமென்றே, என்பதை இட்டால் வாக்கியம் செயப்பாட்டுவினையாக மட்டுமே நிற்கும். வேண்டுமென்று செய்யும் மனம் கதவுக்கு இல்லை; வாக்கியத்திற் பெயர் சொல்லப்படாவிடினும் ஒருவன் அங்கே இருந்தாக வேண்டும். இச்சோதனைக்கு நாம் இறுதியில் மீண்டும் வருவோம்.

தமிழ் மாணவனுக்கு உரிய இடர் ஒன்று உண்டு. தமிழில் நிறைவுநிலை ‘இரு’ என்னும் துணைவினையால் அமைகின்றது: வந்திருக்கிறான், போயிருக்கிறாள். ‘இரு’ என்பதற்கு நேரான ஆங்கிலச் சொல் ‘பீ’ என்று அவன் சிறுவயதிலேயே கற்றுவிடுகிறான். ஆதலின் ‘ஹீ இஸ் கம்’ என்று எழுதித் திருத்தப்படுகிறான். ஆனால் வரலாற்று நோக்கில் அவன் எழுதியது பிழையன்று. முற்கால ஆங்கிலத்தில் வருதல், போதல், எழுதல் முதலிய செயப்படுபொருள் குன்றிய வினைகள் ‘பீ’ கொண்டே நிறைவுநிலையை உணர்த்தின. பிரெஞ்சிலும் ஜெர்மன் மொழியிலும் இன்றும் அவ்வழக்கு உயிரோடிருக்கின்றது. 1611இல் வெளியான ஆங்கில விவிலியத்தில் அவ்வடிவங்கள் நிரம்ப உள்ளன. செமினறி மாணவருக்கு விவிலியமும் பாடநூலாயிருந்தமையால், அவர்கள் ஒரே மொழியின் இரு காலகட்டங்களை ஒருசேரக் கற்க நேர்ந்திருக்கும். இன்றைய ஆங்கிலத்தில் எஞ்சியிருக்கும் ‘இஸ் கோன்’ என்பதைச் செயப்பாட்டுவினை என்று கொள்ளும் மாணவன் ‘யாராற் போகப்பட்டது?’ என்று தேடித் திகைப்பதில் வியப்பில்லை.

செயப்படுபொருள் குன்றிய வினைகளின் எச்சம் பெயருக்கு முன்னே வந்தால் நிறைவுப் பொருளையே தரும் என்பது இங்கு நினைவிருத்த வேண்டிய விதி. ‘ஃபோலின் லீவ்ஸ்’ என்றால் விழுந்த இலைகள், வீழ்த்தப்பட்டவை அல்ல. ‘றிற்றயர்ட் ரீச்சர்’ என்றால் இளைப்பாறிய ஆசிரியர். இங்கே எச்ச வடிவத்துக்கு அடியான வினையின் எழுவாய் அப்பெயரே. செயலின் பொறுப்பும் அப்பெயரின் மீதே விழும். 1980 யூலையில் இலங்கை அரசாங்க ஊழியர் வேலைநிறுத்தம் செய்தபோது நடந்தது இவ்விலக்கணத்தின் அரசியற் பயன் எனலாம். அவசரகால விதிகளின் துணையோடு, வேலைக்குத் திரும்பாதோர் தத்தம் பதவியை ‘வெக்கேற்’ செய்தவர்களாக, தாமே விட்டு விலகியவர்களாகக் கருதப்பட்டனர். ஏறத்தாழ 40,000 பேர் வேலை இழந்தனர். (இழந்தனர் என்று நாமும் எழுதிவிட்டோம்.) ‘டிஸ்மிஸ்ட்’ என்று எழுதியிருந்தால் நீக்கியவர் யார், எந்த விசாரணையின் பின்னர் என்ற வினாக்கள் வந்திருக்கும். விலகியவனை விசாரிக்க வேண்டியதில்லையல்லவா?

நமது மரபிலக்கணம் இப்பிரச்சினையை அறியாததன்று. தமிழ்ப் பெயரெச்சம் செய்பவனையும் செயப்பட்டதையும் வடிவத்தால் வேறுபடுத்துவதில்லை. செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் ஆகிய ஆறனுள் எதனையும் அது முடிபாகக் கொள்ளலாம் என்று நன்னூலார் வகுத்தார். ஆகவே உண்ட சாத்தனும் உண்ட சோறும் ஒரே எச்சத்தால் அமைவன. மூடிய காவலாளியும் மூடிய கதவும் அப்படியே. யார் செய்தார், எது செய்யப்பட்டது என்பதைப் பெயரின் பொருளைக் கொண்டே உணர்கிறோம். சாத்தன் உண்பான், சோறு உண்ணாது என்ற உலக அறிவே இங்கு இலக்கணத்துக்குத் துணை. முற்றுவினையிலும் இத்தகைய வழக்குண்டு என்பதைத் தொல்காப்பியர் வினையியலிற் சுட்டினார்; செயப்படுபொருளையே செய்ததுபோலக் கூறுதல் வழக்கில் உள்ளது என்பது அவர் கருத்து. ‘திண்ணை மெழுகிற்று’ என்பது சேனாவரையர் முதலியோர் காட்டும் உதாரணம். திண்ணை தன்னைத் தானே மெழுகிக்கொள்வதில்லை. மெழுகியவள் வாக்கியத்தில் இல்லை. அவள் பெயர் அங்கு வேண்டப்படவுமில்லை என்பது நமது பக்கக் குறிப்பு. வீட்டு வேலை செய்தவளின் பெயரை எந்தச் சமூகம் கேட்டது?

சொல்லதிகாரத்தைச் சேனாவரையருரையோடு 1868இல் அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை வட்டுக்கோட்டைச் செமினறியிற் பயின்றவர். 1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவர். உடன் பட்டம் பெற்ற விசுவநாதபிள்ளையும் செமினறி மாணவரே. ஆங்கிலச் செயப்பாட்டுவினையையும் திண்ணை மெழுகிற்று என்பதையும் ஒருங்கே அறிந்த தலைமுறையொன்று அவ்விடத்தில் உருவாயிற்று என்பது தற்செயலன்று. மிஷனார் கல்வித் திட்டத்தின் இருமொழித் தன்மையே அதற்குக் காரணம். ஆனால் அத்தலைமுறை இரண்டு மரபுகளையும் ஒப்பிட்டு மாணவருக்கான இலக்கணம் ஒன்றைச் செய்யும் மரபு நம்மிடையே வேரூன்றவில்லை. ஆங்கிலம் உத்தியோகத்துக்கும் தமிழ் பழம்பெருமைக்கும் என்ற பிரிவினை வலுப்பட்டமையே அதற்குத் தடையாயிற்று என்று கருதுகிறோம்.

‘படு’ சேர்ந்த செயப்பாட்டுவினை தமிழ்ப் பேச்சில் அருகியே வழங்கும் என்றும் அதற்குப் பதிலாகத் தன்வினையே பயிலும் என்றும் கால்டுவெல் 1856இல் வெளிவந்த தமது ஒப்பிலக்கணத்திற் குறித்தார். யாழ்ப்பாணத்துப் பேச்சை நோக்கினால் அது பெரும்பாலும் உண்மையே. ‘கதவு பூட்டப்பட்டிருக்கிறது’ என்று நம்மூரில் எவரும் சொல்வதில்லை. ‘கதவு பூட்டிக் கிடக்குது’ என்பர். ‘பானை உடைஞ்சு போச்சு’ என்பர். எனினும் தமிழ் இங்கே ஆங்கிலத்திலும் நுட்பமானது. உடைந்த பானை, உடைத்த பானை என்ற இரண்டையும் ஆங்கிலம் ‘புறோக்கின்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடும். எரிந்த, எரித்த என்ற இரண்டுக்கும் அங்கே ‘பேர்ன்ற்’ ஒன்றுதான். 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகமும் அதன் ஏறத்தாழ 97,000 நூல்களும் நெருப்புக்கு இரையாயின. ‘பேர்ன்ற் லைப்றரி’ என்ற தொடர் தீப்பற்றிய கட்டடத்தை மட்டுமே காட்டும். தமிழில் எழுதுபவனுக்கோ அந்த வசதி இல்லை. எரிந்த நூலகம் என்று எழுதினால் அதுவும் ஒரு நிலைப்பாடு. எரித்த நூலகம், எரிக்கப்பட்ட நூலகம் என்று எழுதினால் அதுவும் ஒரு நிலைப்பாடு. இலக்கணம் அவனை ஒருபக்கம் சாரும்படி கட்டாயப்படுத்துகின்றது.

எல்லாவிடத்தும் தமிழே வினைமுதலை வெளிப்படுத்தும் என்று இதனாற் பெருமை கொள்ளவும் வேண்டியதில்லை. ‘எடியூக்கேற்றட்’ என்பது பிறப்பாற் செயப்பாட்டு எச்சம். கற்பிக்கப்பட்டவன் என்பதே அதன் மூலப்பொருள். கற்பித்தவர் ஒருவர், அதற்குச் செலவிட்டவர் ஒருவர் அதன் பின்னே இருக்கின்றனர். நமது ‘படித்தவர்’ என்ற சொல்லிலோ வினைமுதல் அவரே. யாழ்ப்பாணத்துப் படித்த வர்க்கம் தனது உயர்வைத் தனது முயற்சியின் பயனாகவே கண்டு வந்திருக்கிறது. தோட்டத்திலும் வயலிலும் உழைத்தோரின் உபரியும், மிஷனுக்கு அமெரிக்காவில் திரட்டப்பட்ட பணமும், சாதியால் வாசலில் நிறுத்தப்பட்டோரின் இழப்பும் ‘படித்தவர்’ என்ற சொல்லில் இடம்பெறுவதில்லை. சொல்லிலிருந்து கருத்துநிலை பிறந்தது என்று நாம் கூறவரவில்லை. கருத்துநிலைக்கு வசதியான சொல் ஏற்கெனவே கையிலிருந்தது என்பதே நாம் கூறுவது.

இதற்கு எதிர்நிலையில், எச்ச வடிவத்தை மக்கள் தாமே திருத்திக்கொண்ட நிகழ்ச்சியும் நமது வரலாற்றில் உண்டு. ‘தாழ்ந்த சாதி’ என்பதே பழைய வழக்கு. தாழ்ந்த என்பது விழுந்த என்பதைப் போன்றது. தாழ்வு அச்சாதியின் இயல்பு, எவரும் செய்ததன்று. ‘தாழ்த்தப்பட்ட’ என்றபோது இரண்டு மாற்றங்கள் ஒருங்கே நிகழ்ந்தன. தன்வினை பிறவினையாயிற்று, பிறவினை செயப்பாட்டாயிற்று. தாழ்த்தியவன் பெயர் கூறப்படாமலே வாக்கியத்துள் வந்து நின்றான். 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் ஏட்டளவிற் கிடந்த சூழலில், 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குச் சென்ற ஊர்வலத்திலும், 1968இல் மாவிட்டபுரக் கோயில் வாசலிலும் முன்வைக்கப்பட்ட வினா, தாழ்த்தியவன் யார் என்பதே. தேநீர்க்கடைக் கதவும் கோயிற் கதவும் மூடியிருந்தன என்று உயர்சாதியார் கூறினர். அவை மூடப்பட்டிருந்தன என்று போராடியோர் கூறினர். ‘சிறுபான்மைத் தமிழர்’ என்ற பெயரும் வழங்கியதுண்டு. அதில் எண்ணிக்கை உண்டு, வினை இல்லை. இயக்கம் வளர்ந்தபோது வினையுள்ள சொல்லே மேலோங்கியது.

ஆங்கிலத்தில் ‘டிஸப்பியர்’ என்பது செயப்படுபொருள் குன்றிய வினை. ஆகவே மரபிலக்கணப்படி அதற்குச் செயப்பாட்டு வடிவம் இருக்கலாகாது. அதன் எச்சம் விழுந்த இலையைப் போலத் தானே மறைந்ததையே சுட்ட வேண்டும். 1976 முதல் 1983 வரை ஆர்ஜென்ரீனாவில் நடந்த இராணுவ ஆட்சியில் இழுத்துச் செல்லப்பட்டோரைக் குறிக்க ஸ்பானிய மொழியின் இத்தகைய எச்சமொன்றே உலகமறிந்த சொல்லாயிற்று; அதன்பின் ஆங்கிலத்திலும் ‘வோஸ் டிஸப்பியர்ட்’ என்று எழுதலாயினர். இலக்கணப் பிழை என்று தொடக்கத்திற் கண்டிக்கத்தக்க வடிவம், அதனை விட்டால் உண்மையைக் கூற வழியில்லை என்பதால் ஏற்கப்பட்டது.

நமது நாட்டில் 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் ‘மிஸ்ஸிங் பேர்சன்ஸ்’ பற்றிய அலுவலகத்தை நிறுவியது. தமிழில் அது காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம். ‘மிஸ்ஸிங்’ என்பது முழுப் பெயரடை. அதனோடு ‘பை’ சேராது. செய்தவனை அதனிடம் கேட்க முடியாது. ‘காணாமற்போன’ என்பதும் மேலோட்டத்தில் அப்படியே. எனினும் அதன் உள்ளே ஒரு நுட்பம் உண்டு. காணுதல் செயப்படுபொருள் குன்றாத வினை. அவன் காணாமற் போனான் என்றால் காணாதவன் அவனல்லன். தேடிய தாய் காணவில்லை. வினையெச்சமும் முற்றும் ஒரே எழுவாயைக் கொள்ளும் என்ற பொதுவிதி இங்கே நெகிழ்கின்றது. காணப்படாமற் போனான் என்பதே பொருள். திண்ணை மெழுகிற்று என்பதன் மறுபக்கம் அது. அச்சொல்லில் தாயும் இருக்கிறாள், மகனும் இருக்கிறான். கொண்டுபோனவன்தான் இல்லை.

2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் தெருவோரத்தில் அமர்ந்து தொடர் போராட்டத்தைத் தொடங்கிய உறவினர் அலுவலகத்தின் சொல்லை ஏற்கவில்லை. ‘வலிந்து காணாமலாக்கப்பட்டோர்’ என்பதே அவர்தம் பதாகைகளின் வழக்கு. போனவர் என்பது ஆக்கப்பட்டவர் என்றாயிற்று. ‘ஆக்கு’ செய்தவனைக் கொணர்ந்தது. ‘படு’ அவனுக்கும் அவருக்குமுள்ள உறவைக் காட்டிற்று. 2018ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் சர்வதேச சமவாயத்தை உள்நாட்டுச் சட்டமாக்கியபோது ஆங்கிலத்திலும் ‘என்போஸ்ட்’ என்ற எச்சம் முன்னே வந்து நின்றது. தமிழ்த் தொடரில் ‘வலிந்து’ என்பது வினையெச்சம். வலிந்தவர் காணாமலாக்கப்பட்டோர் அல்லர். வேண்டுமென்றே என்னும் அடை கதவின் மனத்தைக் குறிக்காததைப் போல, இதுவும் அவர்களைக் குறிக்கவில்லை. தனக்குரிய எழுவாயை அந்த எச்சம் தொடருக்கு வெளியேதான் தேட வேண்டியிருக்கிறது.